ஹார்லிக்ஸ் மலைக்கு வழி சொல்லும் பதிவேடு

இரண்டு சரக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன், இரண்டும் இலவசம். ஒன்று, ஸ்கார் எனப்படும் சர்வதேச அண்டார்டிக் ஆராய்ச்சிக் குழுவின் தொகுப்புப் பெயர்ப் பதிவேடு. அண்டார்டிகாவின் மலை, பனியாறு, தீவு, முனை என்று எதற்கு எந்த நாடு என்ன பெயர் வைத்தது என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பட்டியலை முழுதாக இறக்கியும் கொள்ளலாம். இன்னொன்று குவாண்டார்க்டிகா. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கிற வரைபட மூட்டை, வெளியிட்டது நார்வேஜியன் போலார் இன்ஸ்டிட்யூட். முதலாவது பெயரைச் சொல்லும், இரண்டாவது இடத்தைக் காட்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அரைச் சாப்பாடு.

நான் சர்வே துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். சங்கிலி பிடித்த காலத்தில் சேர்ந்து, ஜிபிஎஸ் கருவி வந்தபிறகு வெளியே வந்தேன். அதனால் ஒரு வரைபடத்தைப் பார்த்ததும் அழகாக இருக்கிறதா என்று எனக்குக் கேட்கத் தோன்றாது. இந்தப் புள்ளி எப்படி வந்தது, யார் போய் அளந்தார்கள், எந்தக் கல்லில் இருந்து எடுத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். இந்த விமர்சனமும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் பதிவேடு. 1992-ல் தொடங்கிய வேலை. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொடுத்த 35,000-க்கும் அதிகமான பெயர்கள் இதில் இருக்கின்றன. இடங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதில் பாதிதான். காரணம் எளிது, அண்டார்டிகாவுக்குத் தாசில்தார் கிடையாது. 1959-ல் கையெழுத்தாகி 1961-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் ஒப்பந்தம் ஏழு நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளையும் அப்படியே உறையவைத்துவிட்டது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. எனவே பெயர் வைக்கிற அதிகாரமும் யாரிடமும் தனியாக இல்லை. பிரிட்டனுக்கு 1945-லிருந்து ஒரு பெயர்க்குழு இருக்கிறது, அமெரிக்காவுக்கு ஒன்று, பல்கேரியாவுக்கு 1994-லிருந்து ஒன்று. ஒவ்வொருவரும் வைத்த பெயரை ஸ்காருக்கு அனுப்புவார்கள். ஸ்கார் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைக்கும், அவ்வளவுதான். எது சரி என்று சொல்லாது.

இதை ஒரு குறையாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்தச் சேவையின் பெரிய பலமே இதுதான். கிங் ஜார்ஜ் தீவைத் தேடிப் பாருங்கள். 1819-ல் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. ரஷ்யர்களுக்கு அது வாட்டர்லூ. அர்ஜென்டினாவுக்கு மே 25 தீவு, அவர்களுடைய புரட்சி தினம். மூன்றும் அந்தந்த நாட்டின் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. தென் அமெரிக்காவை நோக்கி நீளும் தீபகற்பத்தின் கதை இதைவிட மோசம். பிரிட்டனுக்குக் கிரகாம் லேண்ட், அமெரிக்காவுக்குப் பால்மர் தீபகற்பம், அர்ஜென்டினாவுக்கு சான் மார்ட்டின் நிலம், சிலிக்கு ஓ'ஹிகின்ஸ் நிலம். 1964-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் உட்கார்ந்து பேசி, மொத்தத்துக்கும் அண்டார்டிக் தீபகற்பம், வடபாதிக்குக் கிரகாம், தென்பாதிக்குப் பால்மர் என்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு நாடுகளும் அசையவில்லை. ஒரே ஒரு "அதிகாரப்பூர்வ" பெயரை மட்டும் காட்டும் வரைபடத்தில் இந்த வழக்கு முழுவதும் மறைந்துபோயிருக்கும்.

சரி, ஹார்லிக்ஸுக்கு வருவோம்.

நம் ஊரில் காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப்போகிற அதே ஹார்லிக்ஸ்தான். பதிவேட்டில் தேடினால் ஹார்லிக் மலைத்தொடர் என்று வரும். தென்முனையிலிருந்து அதிக தூரம் இல்லை, சுமார் 85 டிகிரி தெற்கே, டிரான்ஸ் அண்டார்டிக் மலைகளின் ஒரு துண்டு. அமெரிக்காவின் அட்மிரல் பேர்ட் 1933-35-ல் நடத்திய பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் வில்லியம் ஹார்லிக். விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் மால்ட் பால் மாவு செய்து விற்ற மனிதர். அந்தப் பயணத்தில் பறந்த கர்ட்டிஸ் காண்டர் விமானத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். 1934 நவம்பரில் ஆகாயத்தில் இருந்து பார்த்த மலைகளுக்கும் அதே பெயர்.

அதோடு முடியவில்லை. மேரி பேர்ட் லேண்டில் மவுண்ட் சிட்லி என்று ஓர் எரிமலை இருக்கிறது. 4,000 மீட்டருக்கு மேல் உயரம், அண்டார்டிகாவிலேயே உயரமான எரிமலை. ஏழு கண்டங்களிலும் உள்ள உயரமான எரிமலைகளை ஏறி முடிக்க வேண்டும் என்று அலைகிற மலையேறிகள் இதற்காக லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறார்கள். பதிவேட்டில் அதன் குறிப்பைத் திறந்தால், மேபெல் சிட்லி என்ற பெண்ணின் பெயர் அது என்று இருக்கும். யார் அவர்? ஹார்லிக்கின் மகள். அந்த நிலப்பகுதிக்கே பேர்ட் தன் மனைவி மேரியின் பெயரைத்தான் வைத்திருந்தார், அப்புறம் கொடையாளி மகளுக்கு ஒரு எரிமலை கொடுப்பதில் அவருக்கு என்ன தயக்கம் இருந்திருக்கும்?

பணம் கொடுத்தவனுக்கு மலை கொடுப்பது பேர்ட் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஷேக்கில்டன் 1908-ல் தென்முனை நோக்கி ஏறிய மாபெரும் பனியாற்றுக்கு கிளாஸ்கோ கப்பல் கட்டும் தொழிலதிபர் பியர்ட்மோரின் பெயர். அமுண்ட்சென் 1911-ல் ஏறியது ஆக்சல் ஹைபெர்க் பனியாறு. ஹைபெர்க் நார்வேயில் பீர் ஆலைப் பங்குதாரர். இப்படியே போனால் கண்டம் முழுக்க விளம்பரப் பலகையாகிவிடும் என்று பிற்பாடு அமெரிக்கப் பெயர்க்குழுவுக்கே தோன்றியிருக்க வேண்டும். தங்கள் கொடையை விளம்பரமாக்கி வியாபார லாபம் தேடியவர்கள், வணிகப் பொருட்களின் பெயர்கள், வண்டி இழுக்கும் நாய்களின் பெயர்கள், வளர்ப்புப் பிராணிகளின் பெயர்கள் எதையும் ஏற்கமாட்டோம் என்று விதி எழுதிவைத்தார்கள். பழைய பெயர்களை மட்டும் தொடவில்லை. ஹார்லிக் தப்பித்தார்.

பிரிட்டிஷ் குழுவுக்கு வேறு புத்தி. ஒரு பகுதிக்கு ஒரு கருப்பொருள். அலெக்சாண்டர் தீவில் இசைக்காரர்கள்: பீத்தோவன் தீபகற்பம், பாக் பனித்தட்டு, மொசார்ட்டுக்கு ஒரு பனிச்சமவெளி. வேறொரு கரையில் விமான முன்னோடிகள். கிரகாம் லேண்டின் மேற்குக் கரையில் பனிக்குருட்டை ஆராய்ந்த கண் மருத்துவர்கள். விட்மார்க் என்ற ஸ்வீடன் டாக்டருக்கு அங்கே ஒரு பனிச்சமவெளி இருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. பனியில் கண் கூசிக் குருடாகாமல் நடக்க வழி காட்டியவருக்குப் பனியில் இடம் கொடுப்பது நியாயம்தானே. நார்வேக்காரர்கள் குவீன் மாட் லேண்டில் ஹைமெஃப்ரன்ட்ஃபியெல்லா என்ற மலைகளில், ஜெர்மன் ஆக்கிரமிப்பை உள்நாட்டில் எதிர்த்துப் போராடியவர்களையும் அவர்களுடைய ரகசிய அமைப்புகளையும் பெயராக வைத்திருக்கிறார்கள். அதே குவீன் மாட் லேண்டின் ஒரு பகுதிக்கு 1938-39-ல் நாஜி ஜெர்மனியின் பயணம் விமானத்தில் வந்து, உலோக அம்புகளைப் பனியில் போட்டுவிட்டுப் பெயர் சூட்டிப் போயிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இதன் காரம் தெரியும்.

புதிய பெயர்களும் வந்தபடி இருக்கின்றன. 2019-ல் பிரிட்டன் ஏழு வேகமான பனியாறுகளுக்குச் செயற்கைக்கோள்களின் பெயர் வைத்தது: லேண்ட்சாட், சென்டினல், என்விசாட், கிரையோசாட் என்று. அந்தப் பனியாறுகள் நகர்வதை மேலிருந்து பார்த்துச் சொன்னவை அவைதான். 2021-ல் கெட்ஸ் பனித்தட்டுக்குள் இறங்கும் ஒன்பது பனியாறுகளுக்குக் காலநிலை மாநாடுகள், அறிக்கைகளோடு தொடர்புடைய நகரங்களின் பெயர்: ஜெனீவா, ரியோ, பெர்லின், கியோட்டோ, பாலி, ஸ்டாக்ஹோம், பாரிஸ், இன்ச்சான், கடைசியாக அந்த ஆண்டு மாநாடு நடந்த கிளாஸ்கோ. கெட்ஸ் பக்கத்துப் பனி 1994-க்கும் 2018-க்கும் இடையில் சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல் வேகமெடுத்திருக்கிறது. மாநாடுகள் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, பனி இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இனி குறைகள். பெரிய குறை, இந்தப் பதிவேட்டில் எல்லாமே ஒரு புள்ளி. சிகரத்துக்கு ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை போதும், சரி. லாம்பர்ட் பனியாறு 400 கிலோமீட்டர் நீளம், அதற்கும் ஒரே ஒரு ஜோடி எண்தான். தொடக்கம் எங்கே, முடிவு எங்கே, கிளை எது என்று பதிவேட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் துறையின் எஃப்எம்பி என்ற நில அளவைப் புத்தகத்தில் அரை ஏக்கர் நிலத்துக்கே நாலு மூலையும் அளவும் இருக்கும்.

அடுத்தது துல்லியம். சில புள்ளிகள் செயற்கைக்கோள் படத்தில் இருந்து எடுத்தவை. சில எழுபது எண்பது வருடத்துக்கு முந்திய விமானப் படத்தில் இருந்து குத்துமதிப்பாக வந்தவை. ஒரே மலைக்கு இரண்டு நாடுகள் இரண்டு இடத்தில் புள்ளி வைத்திருப்பதையும் பார்க்கலாம். இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. 1946-47-ல் அமெரிக்கக் கடற்படை ஆபரேஷன் ஹைஜம்ப் என்ற பெயரில் சுமார் 70,000 விமானப் படங்கள் எடுத்தது. மூன்று கேமரா, ஒன்று நேர்கீழே, இரண்டு பக்கவாட்டில் சாய்த்து. படங்கள் அற்புதம். ஆனால் தரையில் இடம் அளந்து வைத்த புள்ளி ஒன்றுமில்லை! கட்டுப்பாட்டுப் புள்ளி இல்லாத விமானப் படத்தைச் சர்வேக்காரன் கையில் கொடுத்தால், "நல்லா இருக்கு, இது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பான். அதற்காகவே மறுவருடம் ஆபரேஷன் விண்ட்மில் போனது. ஹெலிகாப்டரில் இறங்கி, சூரியனைப் பார்த்து இடத்தைக் கணித்து, சில இடங்களை நிலைப்படுத்தினார்கள். கரையோரம் மட்டும்தான், அதுவும் அங்கங்கே.

லாம்பர்ட் பனியாற்றின் கதையும் இதே படங்களில் இருந்துதான் தொடங்குகிறது. ஹைஜம்ப் படங்களைப் பார்த்து 1952-ல் அதைக் குறித்தபோது, படம் எடுத்த விமானத்தின், அதன் ஆட்களின் நினைவாக 'பேக்கர் த்ரீ' பனியாறு என்று வைத்தார்கள். பிறகு 1957-ல் ஆஸ்திரேலியர்கள் தங்கள் தேசிய வரைபடத் துறை இயக்குநர் லாம்பர்ட்டின் பெயரைச் சூட்டினார்கள். அதுவே நிலைத்துவிட்டது. உலகிலேயே பெரிய பனியாறு என்று பாடப்புத்தகங்களில் வருவது ஒரு சர்வே அதிகாரியின் பெயர். எனக்குச் சந்தோஷம், மறைக்கவில்லை.

மூன்றாவது குறை, குறிப்புகள் ஒரே சீராக இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் பதிவுகளில் பெரும்பாலும் கதை இருக்கும்: யார் கண்டார், எப்போது, யார் நினைவாக. வேறு பல பதிவுகளில் பெயரும் புள்ளியும் மட்டும். பல்கேரியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். லிவிங்ஸ்டன் தீவின் டாங்ரா மலைகளை 2004-05-ல் கால்நடையாக அளந்து, 2005-ல் ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைபடமே அச்சிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அனுப்பியிருக்கிறார்கள். பலவும் அவர்கள் ஊர்ப் பெயர்கள். லியாஸ்கோவெட்ஸ் என்ற சிறு நகரத்துக்கு 1,473 மீட்டரில் ஒரு சிகரம். இந்தப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத அவர்களுடைய அண்டார்டிக் பெயர்க்குழு 1995-ல் வகுத்த முறைதான் பின்னால் 2009-ல் பல்கேரியாவின் சட்டமானது. அவர்கள் ஊர்ச் சாலைப் பலகைகள்வரை அதுதான்.

குவாண்டார்க்டிகாவை நிறுவியது என் தங்கை மகன். நானே செய்திருப்பேன், அவன் விடவில்லை. மூட்டை பெரிது, ஜிபி கணக்கில் இருக்கும், எங்கள் வீட்டு இணைய வேகத்தில் இரவு போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதாயிற்று. திறந்ததும் கண்டம் வட்டமாக, தென்முனை நடுவில் இருக்கும்படி வருகிறது. சாதாரண இணைய வரைபடங்களில் அண்டார்டிகா அடியில் வழிந்த வெள்ளைப் பெயின்ட் மாதிரி இழுபட்டுக் கிடக்குமே, அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவே பாதிக் காசு வசூல். காசு எதுவும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

உள்ளே என்ன இருக்கிறது? ஸ்கார் பெயர்கள் முழுவதும் ஒரு அடுக்கு. லேண்ட்சாட் படத் தொகுப்பு ஓர் அடுக்கு, 15 மீட்டர் துல்லியம். பனிக்கு அடியில் இருக்கும் பாறைத் தரையின் வடிவம் ஒன்று. பனி நகரும் வேகம் ஒன்று. பெயர் அடுக்கை வேக அடுக்கின் மேல் போட்டதும், பதிவேட்டில் வெறும் புள்ளியாக இருந்த பனியாறுகள் நரம்பு நரம்பாகத் தெரிய ஆரம்பித்தன. லாம்பர்ட் எவ்வளவு தூரத்தில் இருந்து பனியை இழுத்துவருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. மேலே சொன்ன பெரிய குறைக்கு மருந்து இங்கே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஹார்லிக் மலையை லேண்ட்சாட் அடுக்கில் தேடாதீர்கள். அந்தச் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை சுமார் 82.5 டிகிரிக்குத் தெற்கே எட்டாது, மலை இருப்பது 85-ல். "மாமா, உங்க ஹார்லிக்ஸ் காலி" என்றான் தங்கை மகன். ராடார்சாட் அடுக்குக்கு மாறினால் வந்துவிடும். கனடாவின் அந்தச் செயற்கைக்கோளை 1997-ல் இதற்காகவே தெற்கு நோக்கித் திருப்பி, கண்டம் முழுவதையும் ராடாரில் படம் எடுத்தார்கள். சாம்பல் நிறத்தில் ஹார்லிக் தொடரின் ஓஹியோ பகுதி, விஸ்கான்சின் பகுதி இரண்டும் தெளிவாக இருக்கின்றன. ஓஹியோ பகுதியில் நிலக்கரியும், நம் கோண்ட்வானா நிலக்கரி வயல்களில் கிடைக்கும் அதே குளோசாப்டெரிஸ் இலைப் படிவங்களும் உண்டு. இரண்டு பகுதிகளின் பெயரும் அங்கே ஆள் அனுப்பிய பல்கலைக்கழகங்களுக்காக வைத்தவை. ஆனாலும் விஸ்கான்சின் மால்ட் வியாபாரி மலையில் விஸ்கான்சின் வந்து உட்கார்ந்தது நல்ல பொருத்தம்.

உயரத்துக்கு மட்டும் இந்த மூட்டையை நம்பி இருக்காதீர்கள். இப்போதிருக்கும் மூன்றாம் பதிப்பு 2018-ஐச் சேர்ந்தது. அதே ஆண்டில் வெளியான ரீமா என்ற உயர மாதிரியை, மின்னசோட்டாவின் போலார் ஜியோஸ்பேஷியல் சென்டர் தளத்தில் இருந்து தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்வது நல்லது. இரண்டு கோணங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஜோடி சேர்த்து உயரம் கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படி மேலிருந்து அளப்பது எவ்வளவு மாற்றும் என்பதற்கு மவுண்ட் ஹோப் ஒன்று போதும். 2,862 மீட்டர் என்று இருந்த சிகரம், 2017-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து மறுபடி அளந்தபோது 3,239 மீட்டர் ஆனது. பிரிட்டன் உரிமை கோரும் பகுதியிலேயே உயரமானது மவுண்ட் ஜாக்சன் என்று அதுவரை எழுதிவந்தார்கள். 55 மீட்டரில் அது இரண்டாம் இடத்துக்குப் போனது. கண்டத்தின் மிக உயர்ந்த வின்சன் சிகரம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. முன்பு 5,140 மீட்டர் என்றார்கள். 2004-ல் ஜிபிஎஸ் வைத்து அளந்தபோது 4,892. இருநூற்றைம்பது மீட்டர் காற்றில் போயிற்று.

இந்தியர்களைத் தேடிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாகர் சோலைக்குப் போங்கள்; பெயர் மேலே சொன்ன 1938-39 ஜெர்மன் பயணத்தின் விமானி ஒருவருடையது. பக்கத்தில் தட்சிண கங்கோத்ரி பனியாறு, பிரியதர்ஷினி ஏரி. மேரி பேர்ட் லேண்டில் மவுண்ட் சின்ஹா, 990 மீட்டர். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கப்பல்களில் போய் சீல், திமிங்கிலம், பறவைகளைக் கணக்கெடுத்த குழுவில் இருந்த அகௌரி சின்ஹா என்ற விஞ்ஞானிக்காக அமெரிக்கர்கள் வைத்தது.

ஆர்க்டிக் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதே நார்வே நிறுவனத்தின் டோபோஸ்வால்பார்ட் என்ற தளம் இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம், உலாவியில் திறந்து பெயரைச் சொடுக்கினால் வரலாறு வரும். பெயர் அதிகாரம் ஒரே நிறுவனத்திடம் இருப்பதால் எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருக்கும். பயன்படுத்த அதுதான் சுலபம், சந்தேகமில்லை. ஆனால் சண்டை இல்லாத பதிவேட்டில் எனக்கு இவ்வளவு நேரம் போகாது.

கல்லூரியில் புவியியல் படிக்கிற பிள்ளைகள், வரைபடப் பைத்தியங்கள், பெயர்க்கதை தேடுகிறவர்கள் எல்லாரும் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். போனில் சும்மா தள்ளிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சலித்துவிடும். மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகமாவது இருக்கட்டும். கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றியதும் முதல் வேலையாகப் பெயர் அடுக்கை நாடுவாரியாக நிறம் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் தீபகற்பத்தின் நுனியில் ஒரே இடத்தில் நாலு நாட்டுப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒன்றையும் படிக்க முடியாது.